ஊசி நிற்கும், துணி நடக்கும்

நம் பங்குகளில் பல வீடுகளின் மூலையில் தையல் இயந்திரம் ஒன்று துணி போர்த்தி நிற்கும். பெண்ணுக்குச் சீராக வந்ததாயிருக்கலாம். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பை முடித்த ஆண்டில் தந்தையார் வாங்கித் தந்ததாயிருக்கலாம். திருவிழாவுக்கு முந்திய வாரம் பிள்ளைகளின் பாவாடை விளிம்பை மடித்து அடிக்கவும், தலையணை உறை தைக்கவும், கிழிந்த பள்ளிச் சீருடைக்கு ஒட்டுப் போடவும் அது விழித்தெழும், பிறகு உறங்கிவிடும். நேராகத் தைப்பது ஒன்றே அதற்குத் தெரியும் என்று எண்ணியிருக்கிறோம். அது சரியன்று. வாசலில் கோலம் இழைப்பது போல வளைத்தும் நெளித்தும் நூலால் வரைவதற்கும் அதே இயந்திரம் போதும். அதைப் பழக விரும்பும் தாய்மார்களுக்காகவே இக்கட்டுரை.

ஊசிக்குக் கீழேயுள்ள தகட்டில் சிறு பிளவுகள் இருப்பதையும், அவற்றின் வழியே ரம்பம் போன்ற பற்கள் எழுவதும் தாழ்வதுமாய் இருப்பதையும் கண்டிருப்பீர்கள். துணியைப் பின்னோக்கி நடத்திச் செல்பவை அவையே. மேலேயுள்ள அழுத்தும் பாதம் துணியை அவற்றின்மீது அமர்த்திப் பிடிக்க, ஊசியின் ஒவ்வொரு குத்துக்கும் துணி ஒரே அளவு நகர்கிறது. நாம் தைத்த கோடு சீராக இருக்கிறது என்று பிறர் பாராட்டும்போது, அந்தப் பாராட்டில் பாதி இப்பற்களுக்கு உரியது.

இப்போது அப்பற்களைத் தாழ்த்திவிடுவோம். ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்; துணி நகராது. நகர்த்த வேண்டியவர் நாம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நம் விருப்பம் போல் நகர்த்தலாம். ஆனால், விருப்பத்தோடு பொறுப்பும் வந்து சேருகிறது: குத்துக்கும் குத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிப்பது இனி இயந்திரமன்று, நம் கை. ஆங்கிலத்தில் இதனை ‘ஃப்ரீ மோஷன்’ என்பர். நாம் கைப்போக்குத் தையல் என்று சொல்லிக்கொள்வோம்.

இது மிகுதியாகப் பயன்படுவது ‘குவில்ட்’ எனப்படும் அடுக்குப் போர்வையில். மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, கீழே ஒரு துணி. மூன்றும் ஒன்றையொன்று விட்டு நழுவாதபடி பரப்பெங்கும் தையல் ஓடுகிறது. இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல், துண்டுகளை ஒட்டித் தைத்த ஆடையைக் குறிக்கும் ‘கந்தா’ என்ற வடசொல்லின் வழி வந்தது. வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கிக் கையால் தைக்கும் ‘காந்தா’ விரிப்பும் அதே வேர் கொண்டதே. இன்னும் அருகில், வட கன்னட மாவட்டத்தின் காட்டுப்புறங்களில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். இந்துக்களும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் இவர்களுள் உண்டு. இவர்தம் பெண்கள் ‘கவந்தி’ என்னும் ஒட்டுப் போர்வையை விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து, நடுவில் முடிப்பர். கத்தோலிக்கப் பெண்கள் தைக்கும் போர்வைகளில் சிலுவை வடிவம் இடம்பெறுவதுண்டு.

அவையெல்லாம் கைத்தையல். இயந்திரத்தில் இதைச் செய்வது தகுமா என்ற வழக்கு அமெரிக்காவில் நெடுநாள் நடந்தது. ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்கு உரிமை பெற்றது 1851-இல். அதையடுத்த சில பத்தாண்டுகளிலேயே அந்நாட்டுப் பெண்கள் போர்வைகளை இயந்திரத்தில் தைக்கத் தொடங்கிவிட்டனர். புதுக்கருவி வீட்டில் இருக்கிறது என்று காட்டும் பெருமையும் அதில் கலந்திருந்தது. பின்னர்க் கையால் தைத்ததே உயர்ந்தது என்ற கருத்து வலுத்தது. 1987-இல் ஹாரியட் ஹார்கிரேவ் என்னும் அம்மையார், வீட்டு இயந்திரத்தில் பழைய கைத்தையலின் அழகைக் கொண்டுவரும் முறையை ஒரு நூலாக எழுதினார். 1989-இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடந்த போர்வைக் கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தில் தைத்த, சூரிய கிரகணத்தைச் சித்திரிக்கும் போர்வைக்கு முதற்பரிசு கிடைத்தது. அக்கண்காட்சியில் இயந்திரத் தையலுக்கு முதற்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. கைத்தையல்காரர் பலர் வருந்தினர், சிலர் சினந்தனர். என்னைக் கேட்டால், பற்களைத் தாழ்த்திய பின் இதுவும் கைவேலையே. ஊசியை இயக்குவது மட்டுமே இயந்திரம். கோட்டின் உயிர் கையில் இருக்கிறது.

இனி, இயந்திரத்தை ஆயத்தம் செய்வோம். சில இயந்திரங்களில் பற்களைத் தாழ்த்த ஒரு திருகோ குமிழோ இருக்கும். சிலவற்றில் இராது, அவற்றுக்குப் பற்களை மூடும் தகடு உண்டு. இரண்டும் இல்லையெனில், தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்துவிட்டால் பற்கள் அசைந்தாலும் துணியை இழுக்கமாட்டா, அப்படியே தைக்கலாம். வழக்கமான பாதத்தைக் கழற்றிவிட்டு, ‘டார்னிங்’ பாதம் எனப்படும், சுருள்கம்பி வைத்துத் துள்ளும் சிறு பாதத்தைப் பொருத்துக. விலை மிகுதியில்லை. கிழிந்த துணியை இழையோட்டி அடைப்பதற்கென்று வந்த கருவி அது. அது கிடைக்காவிடில் துணியை வளையத்தில் இறுக்கி, பாதமே இல்லாமலும் தைக்கலாம். ஆனால் அப்போது ஊசிக்கும் விரலுக்கும் நடுவே காவல் ஏதும் இல்லை என்பதை மறத்தலாகாது. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு செய்யத்தக்க வேலையன்று இது.

மெல்லிய பருத்திக்கு 14-ஆம் எண் ஊசி. அடுக்கு தடித்தால் 16. ஊசி புதியதாக இருக்கட்டும். பழகும் நாளில் மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் என்று நூலிடுமாறு நான் மாணவியரிடம் சொல்வதுண்டு. ஒரே நிறமானால் பிழை ஒளிந்துகொள்ளும்.

தொடக்கக்காரர் ஏறத்தாழ எல்லாருக்கும் நேரும் ஓர் இடையூறு: பாதத்தை இறக்க மறந்துவிடுவர். துள்ளும் பாதம் துணியைத் தொடாமலே நிற்பதால் அது இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்புறத்து நெம்புகோல் இறங்கினால்தான் மேல்நூலைப் பிடிக்கும் தட்டுகள் இறுகும். இறங்காவிடில் துணியின் அடியில் குருவிக்கூடு போல நூல் திரண்டுவிடும். பாதமே இல்லாமல் தைத்தாலும் நெம்புகோல் இறங்கியிருக்க வேண்டும். அடுத்து, கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பாபின் நூலை மேலே இழுத்து, இரு நூல்களையும் இடக்கையால் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் மூன்று நான்கு நுண்ணிய குத்துகள் போட்ட பின்னரே புறப்படுக.

ஆனால் துணிக்குப் போகுமுன் தாள். பள்ளிப் பிள்ளைகளின் பழைய ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக நெளிந்து நெளிந்து அதை நிரப்புக. கோடு தன்னைத் தானே வெட்டிக்கொள்ளக் கூடாது. எங்கும் முட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. மேலைநாட்டு மாணவியர் இதற்கு வாரக்கணக்கில் தடுமாறுவர் என்று படித்திருக்கிறேன். நம் பெண்களுக்கு இது கைவந்த வித்தை. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக ஓடும் சிக்குக் கோலத்தைச் சிறுவயதிலேயே போட்ட கை, ஒரு கோட்டை எங்கே திருப்பினால் வெளியே வர வழி இருக்கும் என்பதைத் தானே அறிந்துகொள்ளும். ஒன்றே ஒன்று தலைகீழ்: கோலத்தில் தரை நிற்க, கை நடக்கும். இங்கே ஊசி நிற்க, தரை நடக்க வேண்டும். வலப்புறம் கோடு செல்ல வேண்டுமானால் துணி இடப்புறம் நகர வேண்டும். முதல் இரண்டு நாள் இது மூளையைக் குழப்பும். பிறகு குழப்பம் போன இடம் தெரியாது.

அடுத்து, நூல் கோக்காமல், தேய்ந்த பழைய ஊசியால் தாளின்மேலேயே தைத்துப் பாருங்கள். துளைகள் ஒரே இடைவெளியில் விழுகின்றனவா என்று விளக்கொளியில் தூக்கிப் பார்த்தால் தெரியும். கால் ஒரு தாளத்தில் மிதிக்க வேண்டும். கை அதற்கு இசைந்த நடையில் துணியைத் தள்ள வேண்டும். கால் விரைந்து கை மந்தமானால் குத்துகள் எறும்புச்சாரி போல் நெருங்கும். கை விரைந்து கால் மந்தமானால் குத்து நீண்டு பல்லிளிக்கும். அங்குலத்துக்கு 8 முதல் 12 குத்து விழுந்தால் நன்று. முதிய மாணவி ஒருவர் செபமாலையை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பார். அவருடைய தையலைப் போல் சீரான தையல் அந்த வகுப்பிலேயே இல்லை. செபத்தின் சீர் எப்படி இருந்தது என்பதை அவருடைய ஆன்ம குருவிடந்தான் கேட்க வேண்டும்.

துணியில் தொடங்கும்போது 12 அங்குலச் சதுரமாகப் பழைய வேட்டியை வெட்டி, நடுவில் இன்னொரு பழந்துணி வைத்து மூன்றடுக்காக்குக. இரு உள்ளங்கைகளையும் ஊசிக்கு இருபுறமும் தட்டையாக வைத்து, இடையிலுள்ள துணி விறைப்பாக இருக்குமாறு பிடித்து நகர்த்துக. கண் ஊசியைப் பார்க்கலாகாது. போகப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். மிதிவண்டி பழகுவோர் சக்கரத்தைப் பார்த்தால் விழுவதில்லையா, அதைப் போலத்தான். தோள்பட்டை காதை நோக்கி ஏறிக்கொண்டே போகும்; அவ்வப்போது அதை இறக்கிவிடுங்கள். இடம் மாற்றிப் பிடிக்க வேண்டுமானால் முதலில் இயந்திரத்தை நிறுத்தி, ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே கையை எடுங்கள்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வளைவுகளில் மட்டும் அடிநூல் நேராகக் கிடந்து, மேல்நூல் இமைமயிர் போலச் சிறு சிறு கண்ணிகளாக இழுபட்டிருந்தால், வளைவில் கை பாய்கிறது என்று பொருள். வளைவைக் கண்டால் விரைந்து கடந்துவிட எல்லாருக்கும் தோன்றும். அங்கேதான் கை நிதானப்பட வேண்டும். எங்குமே அப்படியிருந்தால் மேல்நூலைச் சற்று இறுக்குக. அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் மிகையாக இறுகியிருக்கிறது; சற்றுத் தளர்த்துக. முதற் பத்துச் சதுரங்களில் எதையும் பிரிக்க நான் அனுமதிப்பதில்லை. பிரிப்பதில் கழியும் நேரத்தில் இன்னொரு சதுரம் தைத்துவிடலாம்.

நெளிகோடு பழகிய பின் உங்கள் பெயரைத் தையுங்கள். இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பல்லாண்டுகளாக எழுதிய பெயராகையால் அதன் வளைவுகள் கைக்குத் தெரியும். புதிதாக நினைக்க வேண்டியதில்லை. நம் எழுத்துகளின் சுழிகளும் கொம்புகளும் இத்தையலுக்கென்றே பிறந்தவை போலிருக்கும். எழுத்துக்கு எழுத்து நூலை அறுக்காமல், அடிக்கோடு ஒன்றின் வழியே அடுத்த எழுத்துக்குச் செல்க.

இதைக் கற்றால் வருமானம் வருமா என்று கேட்போர் உண்டு, நியாயமான கேள்வி. தையலுக்கும் ஏழைப் பெண்களின் பிழைப்புக்கும் நம் திருச்சபையில் பழைய உறவு உண்டு. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தரும் அவர்தம் துணைச் சகோதரிகளும், அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பெண்களையும் காக்கும் பணியில் சரிகைப் பின்னலையும் பூத்தையலையும் ஒரு வழியாகக் கொண்டனர். ஆனால் அது வாங்குவோரைத் தேடிக் கொடுத்த நிறுவனத்தின் பின்பலத்தோடு நடந்தது. தனியொரு பெண் வீட்டிலிருந்து ஒரு போர்வையை முடிக்கும் மணிநேரங்களுக்கு ஒப்பான கூலியைக் கடைத்தெரு தருவதில்லை. ஆகவே, இதற்கென்று கடன்பட்டுப் புது இயந்திரம் வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். இருப்பதை எண்ணெயிட்டுத் துடையுங்கள், அது போதும்.

பின் எதற்காக இத்தனை பாடு? என் வகுப்புக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது வயதைக் கடந்தவர். தாயார் இறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தாயாரின் பருத்திப் புடவைகள் எட்டு, தகரப் பெட்டியில் கிடந்தன. உடுத்தவும் மனமில்லை, பிறருக்குக் கொடுக்கவும் மனமில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே வகுப்புக்கு வந்துவிட்டார். அந்தப் புடவையில் பழகக் கூடாது என்று நான் மறுத்தேன். நெஞ்சுக்கு அருமையான துணியைக் கையில் எடுத்துக்கொண்டால் கை நடுங்கும். நடுங்கும் கை பழகாது. தவக்காலத்தில் தொடங்கி மூன்று திங்கள் அவர் வேட்டித் துண்டிலும் மாவுப்பையிலுமே தைத்தார். சலித்துக்கொண்டார், ஆனால் விடவில்லை.

புடவைக்கு நாள் வந்தபோது வேறொரு தடை. கத்தரியை எடுத்தார், வைத்தார். வெட்ட முடியவில்லை. வெட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஐந்தரை மீட்டர்ப் புடவையைக் குறுக்கே இரண்டாக மடித்தால், ஓர் ஆள் விரித்துப் படுக்கும் அளவு வரும். அந்த மடிப்புக்குள் அதேபோல் மடித்த இன்னொரு புடவையை நுழைத்தால் நான்கு அடுக்கு; வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. எட்டுப் புடவைகள், நான்கு விரிப்புகள். உடன்பிறந்தாரும் நால்வர். அவர்களுள் மூத்த அண்ணனோடு நிலத் தகராற்றில் பேச்சு நின்று போயிருந்தது. அவருக்கு உரியதைத்தான் கடைசியாகத் தைத்தார். கை நன்றாகத் தேறிய பின் தைத்ததாகையால் நான்கில் அதுவே நேர்த்தியாக அமைந்தது. ஒரு புடவையில் உட்காருமிடம் நைந்திருந்தது. அதன் பின்னே ஒரு துண்டை வைத்து, அவ்விடத்தை மட்டும் நெருக்கமாக இழையோட்டினார். தாயார் அடுப்படியில் மணையிட்டு உட்கார்ந்த தடம் அது என்றார். அண்ணன் வீட்டுக்கு விரிப்பு போய்ச் சேர்ந்தது, அவர் திருப்பியனுப்பவில்லை. அதற்குமேல் நடந்தது அவர்கள் குடும்பக் காரியம்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுததைத் திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. அவள் நல்லவள் என்று அவர்கள் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவள் தைத்துக் கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டினார்கள்.

முழு விரிப்பைத் தைக்கத் துணிவோருக்கு இன்னும் சில. பருத்தியோடு பருத்தியே சேரட்டும். நைலான் வழுக்கும், சரிகை நூலை அறுக்கும். எல்லாத் துணியையும் முன்னதாக நனைத்து உலர்த்திவிடுங்கள். இல்லையேல் முதற் சலவையில் ஒன்று சுருங்கி மற்றொன்று புடைத்து நிற்கும். அடுக்குகளைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஊக்குகள் குத்துங்கள். அல்லது நீண்ட ஓட்டுத் தையலால் தற்காலிகமாகப் பிணையுங்கள். இந்த வேலையில் சோம்பினால் அடித்துணி மடிந்து தைபட்டுப் போகும். ஊசி நெருங்குமுன் ஊக்கைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போடுங்கள், விரிப்பில் குழந்தை தவழப் போகிறதல்லவா! தையலை நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்க; மிஞ்சும் தளர்ச்சி வெளியே தள்ளப்பட்டுவிடும். இயந்திரத்தின் கழுத்துக்குள் அடங்க வேண்டிய பகுதியைப் பாய் போல் சுருட்டிக்கொள்ளுங்கள். எஞ்சியது மேசையிலிருந்து தொங்கினால் அதன் பாரமே துணியை இழுத்துத் தையலைக் கெடுக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் கிடத்துக. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே உள்ளங்கை அகலத்துக்குமேல் வெற்றிடம் வேண்டாம்.

நாளொன்றுக்கு அரைமணிக்குமேல் தைக்காதீர்கள். முதுகு முதலில் சொல்லும், தையல் அடுத்துச் சொல்லும். எல்லாம் முடிந்ததும் பற்களை உயர்த்தி, வழக்கமான பாதத்தைப் பொருத்தி, இரண்டரை அங்குலப் பட்டையை மடித்து விளிம்பைச் சுற்றி அடிக்கலாம். மூலையில் பெயரும் ஆண்டும் தைக்க விரும்பினால் பட்டை அடிக்குமுன் தைத்துவிடுக. சலவைக்குக் குளிர்ந்த நீர் போதும்; முறுக்கிப் பிழியாமல், கொடியில் இரட்டையாகப் போட்டு நிழலில் உலர்த்துக.